சொல்லாத துடக்கு

செல்வராசாவைப் போல வாயடக்கமான மனிதனைப் பலெர்மோ முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நாலு தமிழர் கூடினால் மூன்று பேர் தொண்டை கிழியக் கதைப்பார்கள். இவன் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கிக் கழுவப் போய்விடுவான். ஒருவரையும் நோகடிக்காத மனிதன் என்று அவனுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரில் அவனுக்கும் கொஞ்சம் பெருமைதான், அதை மறைப்பானேன். பிற்பாடு அந்த வாயை நினைத்து அவன் தலையில் அடித்துக்கொண்டது வேறு கதை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

லிபெர்த்தாத் தெருவில் ஒரு பழைய மாடிவீட்டின் நாலாம் தளத்தில் சின்யோரா அமாலியா இருந்தார். செல்வராசா எட்டு வருடமாக அந்த வீட்டில் வேலை. சமையல், துடைப்பு, கடைக்குப் போவது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவன்தான். சின்யோராவுக்கு எழுபத்தைந்து வயது. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் வடக்கே தோரினோவில். முழங்கால் இரண்டும் சொன்ன சொல் கேளாது, வாய் மட்டும் இருபது வயதில் நின்றுவிட்டது. தொண்ணூறாம் ஆண்டில் செல்வராசாவுக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கும்போது, குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலக வாசலில் வீட்டிலிருந்து கொண்டுபோன மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு அவனோடு வரிசையில் இருந்தவர் அவர். அங்கே நின்ற எங்கள் ஆட்கள் முழுப்பேரும் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் இருவரும் கதைத்தது இத்தாலிய மொழிதான். ஆனால் செல்வராசாவின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது, நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

சின்யோரா ஒரு காலத்தில் பாட்டுக்காரி. தனியாக நின்று பாடி மாலை வாங்குகிற ஆள் அல்ல. பின்னால் முப்பது நாற்பது பேர் கூட்டமாக நின்று பாடுவார்களே, அந்த வரிசையில் ஒருவர். பாடியது மாசிமோ அரங்கில். சிங்கங்கள் இரண்டும் பெரிய படிக்கட்டும் தூண்களுமாக நகரத்தின் நடுவில் நிற்கிற அந்த ஒபேரா மாளிகையைத் தெரியாத பலெர்மோக்காரன் இல்லை. எழுபத்திநாலில் திருத்த வேலைக்கென்று பூட்டினார்கள். கொஞ்சக் காலம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அது இருபத்துமூன்று வருடமாகிவிட்டது.

“பிறகு பொலிதேயாமா அரங்கிலை பாடினனான்தான்,” என்பார் சின்யோரா. “ஆனா அது வாடகை வீடு மாதிரி. சொந்த வீடு மாசிமோ. அது திறக்கிற அண்டைக்கு உள்ளை கால் வைச்சிட்டுத்தான் சாவன்.”

தொண்ணூற்றேழு மே மாதம் திறக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் கிழவிக்குத் தலைகால் தெரியவில்லை. பக்கத்தில் நின்று பாடிய சினேகிதி நினெத்தா மெஸ்ஸீனாவிலிருந்து தொலைபேசியில் கத்தினார். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கதைத்தும் அந்த இரண்டு பேருக்கும் கதை தீராது. நினெத்தாவின் மருமகன் எங்கெங்கோ ஆளைப் பிடித்து எல்லாருக்கும் நுழைவுச் சீட்டு எடுத்துவிட்டான். மருமகனோடு வந்து, அன்றிரவு பலெர்மோவில் தங்கிவிட்டு, மறுநாள் திரும்புவது நினெத்தாவின் ஏற்பாடு.

“என்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது?” என்று சின்யோரா கேட்டார். கேட்கும்போதே செல்வராசாவைத்தான் பார்த்தார்.

“நான் கூட்டிக்கொண்டு போறன், சின்யோரா.”

அவன் வாயால் சொன்ன வாக்கு அது. ஒருவரும் கழுத்தைப் பிடித்துச் சொல்லச் சொல்லவில்லை. சின்யோரா இறந்த கணவரின் கருநீலக் கோட்டையும் காற்சட்டையையும் தையற்காரனிடம் கொடுத்துச் செல்வராசாவின் அளவுக்கு வெட்டுவித்தார். பிறகு தொடங்கியது ஒத்திகை. தினமும் மத்தியானம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தளத்திலிருந்து நாலாம் தளத்துக்கு ஏறிப் பழகினார். “கையை ஆட்டாதை. அப்பிடியே வைச்சிரு. நீ என்னைத் தூக்கக்கூடாது, நான்தான் ஏறுறன் எண்டு பாக்கிற சனம் நினைக்கவேணும்,” என்று படிக்குப் படி அதட்டல். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சாத்துவார்கள். செல்வராசாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம்.

திறப்புவிழா திங்கட்கிழமை. அதற்கு முதல் வாரம் கொழும்பிலிருந்து மச்சான் ஒருவனின் தொலைபேசி வந்தது. செல்வராசாவின் அண்ணன் இராஜநாயகம், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் கொட்டில் போட்டிருந்தவர், காய்ச்சலில் போய்விட்டார். மலேரியா என்றார்கள். மருந்து கிடைக்கவில்லை. செய்தி கொழும்புக்கு வந்து சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரேத்தோத் தெருவில் அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில் அண்ணனின் ஒரு படம்கூட இல்லை வைத்து விளக்கேற்ற. மனைவி குகனேஸ்வரி சாமித்தட்டைத் துணியால் மறைத்துவிட்டு, ஒரு மூலையில் சின்ன விளக்கை வைத்தாள். மீன் இறைச்சி நின்றது. செல்வராசா சவரம் எடுப்பதை விட்டான். ஞாயிறுகளில் எங்கள் சனம் சைவக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர் என்று பாராமல் மலையேறிப் போய்க் கும்பிடுகிற ரோசாலியா மாதாவிடமும் அவன் போகவில்லை. செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். அதற்குள் கோயிலும் கூடாது, கொண்டாட்டமும் கூடாது.

“தோள் குடுக்கேல்லை. கொள்ளி வைக்கேல்லை. கடைசியாய் முகமும் பாக்கேல்லை,” என்று அவன் குகனேஸ்வரியிடம் சொன்னான். “இந்த முப்பத்தொரு நாளாவது ஒழுங்காய் இருக்கவேணும். இதையும் விட்டா நான் என்ன தம்பி?”

“அதை ஆர் வேண்டாமெண்டது? இஞ்சாருங்கோ, சின்யோராவுக்கு விசயத்தைச் சொல்லுங்கோ. அவ வேறை ஏற்பாடு பாப்பா.”

“உமக்கு விசரே? மனிசி இருபத்துமூண்டு வருசமாய்ப் பாத்துக்கொண்டிருந்த நாள். நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுக்குள்ளை இழவுச் செய்தியைக் கொண்டுபோய்ப் போடுறதே?”

குகனேஸ்வரி அதற்கு மேல் வற்புறுத்தாமல் அடுப்படிக்குப் போனாள். கலியாண வீட்டுக்காரரிடம் சாவுச் செய்தியைத் தாலி கட்டி முடியும்வரை ஒளிக்கிற ஊரில் பிறந்தவர்கள்தானே இருவரும். அதுதான் மரியாதை என்று இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. சின்யோரா எங்கள் ஊர்க்காரி அல்ல என்பது அந்த நேரத்தில் இருவருக்குமே தோன்றவில்லை.

நாலைந்து நாளில் தாடி முகத்தை மூடத் தொடங்கியது. “இதென்ன கோலம்?” என்றார் சின்யோரா. “திங்கட்கிழமைக்கு முதல் வழிச்சுப்போட்டு வா.”

“தோலிலை கடி, சின்யோரா. பிளேட் பட்டா எரியுது.”

வாயடக்கமான மனிதனுக்குப் பொய் மட்டும் எப்படித்தான் அவ்வளவு சரளமாக வந்ததோ. சின்யோரா மருந்துக்கடைக்குத் தொலைபேசி எடுத்துக் களிம்பு ஒன்று வரவழைத்து, அவனை இருத்தி வைத்துத் தாடைக்குத் தன் கையாலேயே பூசினார். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். “நன்றி சின்யோரா,” என்று சொல்லிவிட்டு எழும்பிப் பாத்திரம் கழுவப் போனான்.

ஆனால் திங்கட்கிழமை வரத்தானே வரும். செல்வராசா மண்டையைப் போட்டு உடைத்து ஒரு வழி கண்டுபிடித்தான். துடக்குக்காரன் ஒரு கடமையைச் செய்ய முடியாவிட்டால் துடக்கில்லாத ஒருவனைக் கொண்டு செய்விப்பதுதானே எங்கள் வழக்கம். சூசைதாசன் இருக்கிறான். மன்னார்க்காரன், வேதக்காரன், பொலிதேயாமாப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வாசல் பார்ப்பவன், மரியாதையான பெடியன். அவனுக்கு இந்தத் துடக்கு ஒட்டாது. கோட்டு அவனுக்குக் கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் பொத்தான் பூட்ட முடிந்தது.

திங்கள் பகலில் செல்வராசா வழக்கம் போல வேலைக்குப் போனான். சின்யோராவின் பச்சைப் பட்டுச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் கட்டிலில் விரித்துவைத்தான். சப்பாத்தைத் துடைத்துவைத்தான். “பின்னேரம் வாறன்,” என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டான். சொன்னது அப்படித்தான், வாறன் என்று. பின்னேரம் அந்த வீட்டு மணியை அடித்தது சூசைதாசன்.

அரை மணித்தியாலத்தில் சூசைதாசன் ஒரேத்தோவில் நின்றான். வேர்த்துக் கொட்டியது.

“அண்ணை, அவ என்ரை முகத்தையே பாக்கேல்லை. கோட்டைத்தான் பாத்தா. பச்சைச் சட்டை, கழுத்திலை முத்துமாலை, கையிலை சின்னப் பை, வெளிக்கிட்டு ரெடியாய் நிண்டவ. ‘அவன் எங்கை?’ எண்டா. நீங்கள் சொன்னமாதிரி, திடீரெண்டு சுகமில்லை, வருத்தம் எண்டன். ‘மத்தியானம் வருத்தமில்லாமல் இருந்தானே,’ எண்டா. நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு கையை நீட்டினன். கதவைச் சாத்திப்போட்டா. நான் கனநேரம் வெளியிலை நிண்டு பாத்தன் அண்ணை, திறக்கவே இல்லை.”

குகனேஸ்வரி பதறினாள். “இஞ்சாருங்கோ, இன்னும் நேரமிருக்கு. ஓடுங்கோ. உள்ளை போகாட்டிலும் பரவாயில்லை, வாசலிலை நிண்டு விசயத்தைச் சொல்லிப்போட்டு வாங்கோ.”

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த நேரம் போய்ச் சொன்னால் பட்டுச் சட்டையோடு நிற்கிற மனிசியின் முகத்தில் இழவை அள்ளி எறிந்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே இருந்தான். இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அன்றைக்கு மாசிமோவின் முன்னால் நகரமே திரண்டு நின்றது என்று மறுநாள் பேருந்தில் எல்லாரும் கதைத்தார்கள்.

மறுநாள் காலை சின்யோரா கதவைத் திறந்தார். முகத்தில் கோபம் இல்லை. அழுத அடையாளமும் இல்லை.

“உள்ளே வாருங்கள், செல்வராசா. உங்களுக்குச் சுகமா?”

எட்டு வருடமாக நீ என்றும் உன்னை என்றும் அதட்டிய வாய், ஒரு நாளும் பழகாத ஆளைக் கூப்பிடுவது போல மரியாதையாகக் கூப்பிட்டது. செல்வராசாவுக்கு அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. கோட்டையும் காற்சட்டையையும் அலுமாரியில் திரும்பத் தொங்கவிட்டான். சின்யோரா அதைப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. படி ஏறிப் பழகுவது நின்றது. சாப்பாடு, மருந்து, கடைச் சாமான், இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மே மாதக் கடைசியில் கறுப்புச் சட்டை போடத் தொடங்கினார். தலைமுதல் கால்வரை கறுப்பு. தன் மேல் உள்ள ஆத்திரத்தைக் கிழவி உடுத்திக்கொண்டு திரிகிறார் என்று செல்வராசா எண்ணினான். ஞாயிற்றுக்கிழமை மணியடிக்கும் தொலைபேசி அடிக்காமல் இருந்ததைக் கவனித்தானா என்றால், கவனித்தான். சினேகிதிகளுக்குள் ஏதும் மனத்தாங்கல் என்று விட்டுவிட்டான்.

துடக்குக் கழிந்தது. செல்வராசா சவரம் எடுத்து, முழுகி, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பேருந்தில் இருந்தே வசனம் கட்டிக்கொண்டு போனான். சின்யோரா அவன் வழித்த முகத்தை ஒரு தரம் பார்த்தார். “கடி மாறிவிட்டதா? நல்லது,” என்றார். கட்டி வைத்த வசனம் முழுக்க உதிர்ந்துபோய்விட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். அந்த நாளை ஆடியிலும் வரவில்லை, ஆவணியிலும் வரவில்லை.

புரட்டாதியில் மகன் தோரினோவிலிருந்து வந்தான். அம்மாவை இனித் தனியே விடமுடியாது, தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். வீடு பெட்டி பெட்டியாகக் குறையத் தொடங்கியது. செல்வராசாதான் கட்டினான். ஒரு காலை, அவன் கண்ணாடிக் கிண்ணங்களைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருக்கையில், சின்யோரா கைத்தடியோடு வந்து நின்றார்.

“மாசிமோவை இப்போது காலையில் சுற்றிக் காட்டுகிறார்களாம். கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தீர்கள்.”

செல்வராசா கிண்ணத்தை வைத்துவிட்டு எழும்பினான். வாடகைக் கார் பிடித்து, சிங்கங்களுக்கு முன்னால் இறங்கினார்கள். படிக்கட்டில் சின்யோரா அவன் கையைப் பிடித்தார். அவன் கையை ஆட்டாமல் வைத்திருந்தான். பாதியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். பார்க்கிற சனம் என்று ஒருவரும் இருக்கவில்லை, புறாக்களும் படி கூட்டுகிற ஒருவரும்தான்.

உள்ளே சுற்றிக் காட்டுகிற பெண் ஒரு ஜெர்மன் கூட்டத்தை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்பு வெல்வெட்டும் தங்கப் பூச்சுமாக, மாடத்துக்கு மேல் மாடமாக அரங்கம் எழும்பி நின்றது. செல்வராசா வாயைப் பிளந்து பார்த்தான். சின்யோரா மேடையை மட்டுமே பார்த்தார். மேடைக்கு ஏற விடுவார்களா என்று கேட்டார். இன்றைக்கு இல்லை, வேலை நடக்கிறது என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள். சின்யோரா ஒரு வரிசையில் இருந்தார். செல்வராசாவும் பக்கத்தில் இருந்தான்.

“இஞ்சையிருந்து நான் பாத்ததே இல்லை,” என்றார். “நாங்கள் அங்கையிருந்துதான் இஞ்சாலை பாக்கிறனாங்கள். அங்கையிருந்து பாத்தா இருட்டு மட்டும்தான் தெரியும்.”

தன்னையும் அறியாமல் பழையபடி கதைத்தாரா, அல்லது மேடையோடுதான் கதைத்தாரா, தெரியாது. ஆனால் அந்தக் குரல் செல்வராசாவின் வாயைத் திறந்துவிட்டது.

“சின்யோரா, அண்டைக்கு எனக்குச் சுகமில்லை எண்டது பொய். என்ரை அண்ணை செத்துப்போனார். அதுக்கு முதல் கிழமை.”

சின்யோரா மெதுவாகத் திரும்பினார்.

“அந்தத் தாடி?”

“ஓம்.”

“நான் பூசின மருந்து?”

அவன் தலையைக் குனிந்தான். துடக்கு, கோயிலுக்குக் கூடாது, கொண்டாட்டத்துக்குக் கூடாது, நல்ல நாளில் இழவு சொல்லக் கூடாது என்று தெரிந்த இத்தாலியத்தில் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். சின்யோரா கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ரை அப்பா செத்தபோது எங்கடை வீட்டு ஆம்பிளையள் ஒரு மாதம் சவரம் எடுக்கேல்லை,” என்றார். “கதவிலை கறுப்புத் துணி தொங்கினது. அம்மா றேடியோவைத் துவாயாலை மூடிப்போட்டா. அந்த வருசம்தான் என்னை முதல் முதல் இந்த மேடைக்குக் கூப்பிட்டவை. நான் வரேல்லை. ஒரு வருசம் வாய் திறந்து பாடேல்லை. நீ எனக்கே இதை ஒளிச்சனி?”

எட்டு வருடம் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று தெரிந்தவனுக்கு, இது தெரியவில்லை. ஒரு நாளும் கேட்டதும் இல்லை.

“கோட்டைப் போட்டுக்கொண்டு வேறை ஒருத்தன் வந்து நிண்டான். என்னோடை அந்தப் படி ஏற உனக்கு வெக்கமாக்கும், அதுதான் ஆளை மாத்தி அனுப்பினாய் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு எனக்குப் போக மனம் வரேல்லை. அடுத்தநாள் காலமை நினெத்தா எடுத்தாள். நான் காய்ச்சல் எண்டு பொய் சொன்னன். ஒளிச்சது நீ மட்டுமில்லை. பக்கத்துக் கதிரையிலை தன்ரை மேல்கோட்டை வைச்சு, ஒருத்தரையும் இருக்க விடாமல் எனக்காகக் காவல் இருந்தவளாம். வந்து பாக்கட்டோ எண்டு கேட்டாள். வேண்டாம், தொத்திவிடும் எண்டன். மத்தியானமே திரும்பிப் போயிட்டாள்.” சின்யோரா கைத்தடியின் பிடியைத் தடவினார். “அந்த மாதக் கடைசியிலை செத்துப்போனாள்.”

“அந்தக் கறுப்புச் சட்டை...”

“அவளுக்கு.”

“என்னிலைதான் கோவமெண்டு நினைச்சன், சின்யோரா.”

“கோவமும்தான்.”

ஒரே வீட்டில், ஒரே குசினியில், அவன் தாடியோடும் அவர் கறுப்புச் சட்டையோடும் இழவு காத்திருக்கிறார்கள். ஒருவர் தட்டில் ஒருவர் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். முதல்முதலாக அவன் ஒரு கேள்வி கேட்டான்.

“சொல்லியிருந்தா, நீங்கள் போயிருக்கமாட்டியள்தானே? நானில்லாமல் எப்பிடிப் போறது?”

பொய் சொல்லலாமா என்று சின்யோரா யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னார்.

“நினெத்தா மருமகன்ரை காரிலைதான் வந்தவள். வழியிலை வந்து ஏத்திக்கொண்டு போகட்டோ எண்டு ரெண்டு தரம் கேட்டவள். ‘வேண்டாம், எனக்கு ஆள் இருக்கு’ எண்டு நான்தான் சொன்னன்.”

சுற்றிக் காட்டுகிற பெண் அடுத்த மண்டபத்துக்குப் போவோம் என்று கூப்பிட்டாள். ஜெர்மன்காரர்கள் எழும்பிப் போனார்கள். செல்வராசா எழும்பவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, மே மாதத்திலிருந்து அழாத அழுகையை அந்தச் சிவப்புக் கதிரையில் இருந்து அழுதான். சின்யோரா தடுக்கவில்லை. அழுது முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார்.